பனியன் நகரத்தில் நடுவயதுச் செவிலி: படிப்பும் பதவியும் பணப் பாதுகாப்பும்

நூல் மில்லும் நிட்டிங் பட்டறையும் சாயப்பட்டறையும் தையல் கம்பெனியுமாக அவிநாசியிலிருந்து பல்லடம் வரைக்கும், பெருமாநல்லூரிலிருந்து காங்கேயம் சாலை வரைக்கும் பரந்து கிடக்கும் திருப்பூர்ப் பிரதேசத்தின் உழைப்பைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் டெய்லரையும் கட்டிங் மாஸ்டரையும் செக்கிங் பெண்களையும் பற்றி எழுதியிருக்கிறார்களே தவிர, அதே கம்பெனியின் ஒரு மூலையில் ஆம்புலன்ஸ் ரூம் என்று பலகை தொங்கும் சிறிய அறையில் உட்கார்ந்து, விரலில் ஊசி ஏறியவருக்குக் கட்டுப் போட்டும், தலைசுற்றி விழுந்த பெண்ணுக்கு ரத்த அழுத்தம் பார்த்தும், ஒரியாவிலோ ஹிந்தியிலோ வலியைச் சொல்லும் இளைஞனுக்குச் சைகையால் பதில் சொல்லியும் பொழுதைக் கழிக்கும் நர்ஸம்மாளைப் பற்றி அதிகம் எழுதவில்லை. இக்கட்டுரையின் விசாரணை அவரைப் பற்றியது. நாற்பதையொட்டிய வயதில், பிள்ளைகள் மேல்வகுப்புக்கு வந்துவிட்ட பருவத்தில், பதினைந்து வருஷ அனுபவமும் சொற்பமான சேமிப்பும் உள்ள ஒரு செவிலி, ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்று உலகம் வழங்கும் உயர்ந்த தகுதியை நாடிப் புறப்படலாமா, புறப்பட்டால் முதுமைக்கான பொருளாதாரத்தையும் அதனோடு கூடவே கட்டிக்கொள்ள முடியுமா என்பதே கேள்வி.

அந்தத் தகுதியின் பிறப்பு நெடுங்காலத்துக்கு முற்பட்டதன்று. 1965-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், லொரெட்டா ஃபோர்ட் என்ற செவிலியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்து, டாக்டர் கிடைக்காத இடங்களில் குழந்தைகளைப் பரிசோதித்துச் சாதாரண வியாதிகளுக்குச் சிகிச்சை சொல்லக்கூடிய செவிலியரைப் பயிற்றுவிக்கத் தொடங்கியதே ஆரம்பம். இன்று அந்நாட்டின் பல மாநிலங்களில் டாக்டரின் மேற்பார்வையின்றியே அவர்கள் மருந்து எழுதுகிறார்கள். பிரிட்டனில் 2006-ல் செய்த சட்டத் திருத்தத்தால், தனிப் பயிற்சி பெற்ற செவிலியர் ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் தாமே எழுதித் தரும் அதிகாரம் பெற்றனர். இவ்விரு தேசங்களின் சரித்திரத்தையும் கூர்ந்து நோக்கினால், இத்தகுதியில் மூன்று அம்சங்கள் பின்னிக் கிடப்பது புலப்படும்: படிப்பு ஒன்று, மருந்து எழுதும் அதிகாரம் ஒன்று, சம்பள விகிதத்தோடு கூடிய பதவி ஒன்று. மூன்றும் ஒருங்கே வந்தால்தான் நடுவயதுப் பெண்ணொருத்தி தன் சேமிப்பை அதில் முதலீடு செய்வதற்கு நியாயம் உண்டு. நம் நாட்டில் முதலாவது மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

செவிலியர் கல்வியில் தமிழ்நாடு பின்தங்கிய பிரதேசம் என்று யாரும் சொல்ல முடியாது. சென்னை மாகாணத்தில் நர்ஸுகள், மருத்துவச்சிகள் பதிவுக்கான சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. இந்தியாவின் முதல் பி.எஸ்ஸி. நர்ஸிங் வகுப்புகளில் ஒன்று 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆரம்பமாயிற்று. அதற்கு எழுபது வருஷங்கள் கழித்து, இந்திய நர்ஸிங் கவுன்சில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்னும் இரண்டு வருஷ முதுநிலைப் படிப்பை வகுத்தது, பி.எஸ்ஸி. நர்ஸிங் தேறி, குறைந்தது ஒரு வருஷமாவது ஆஸ்பத்திரி அனுபவம் பெற்றவர்கள் அதில் சேரலாம். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட பிரசவ சேவை வழிகாட்டுதலின்படி, மகப்பேற்றுத் துறை நர்ஸ் பிராக்டிஷனருக்கு 18 மாதப் பயிற்சி ஏற்பட்டது. 1947-ஆம் வருஷத்து நர்ஸிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசிய நர்ஸிங், மருத்துவச்சி ஆணையச் சட்டம் நிறைவேறியது.

இவையெல்லாம் படிப்பின் கதை. அதிகாரத்தின் கதையோ வேறு. 1945-ஆம் வருஷத்து மருந்துகள் விதிகளின்படி ‘எச்’ அட்டவணையில் உள்ள மருந்தைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது. செவிலியின் கையெழுத்துக்கு அங்கே மதிப்பில்லை. 2019-ல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, ‘சமுதாய சுகாதார சேவையாளர்’ என்ற பெயரில், ஆரம்ப சுகாதாரத்திலும் நோய்த்தடுப்பிலும் மட்டும் குறிப்பிட்ட மருந்துகளைத் தாமே எழுதிக்கொடுக்கும் வரையறுத்த உரிமத்தைச் சிலருக்கு வழங்க வழிசெய்தது. அந்த வருஷம் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தேசம் முழுவதும் டாக்டர்கள் செய்த வேலைநிறுத்தத்துக்கு இப்பிரிவு முக்கியமான காரணம். போலி வைத்தியத்துக்குக் கதவு திறக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். அந்த அச்சத்தை நான் பரிகசிக்கவில்லை. ஆனால் பதினைந்து வருஷம் வார்டில் நின்ற செவிலியையும் மருந்துக்கடைப் பையனையும் ஒரே தட்டில் நிறுத்தும் வாதம் நேர்மையானதாக எனக்குப் படவில்லை.

தமிழ்நாட்டில் இத்தகுதிக்கு மிக நெருங்கி வரும் உத்தியோகம் எது என்று தேடினால், நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பெயரே இல்லாத ஓர் இடத்தில்தான் அது அகப்படுகிறது. துணை சுகாதார நிலையங்களை நலவாழ்வு மையங்களாக மாற்றும் திட்டத்தின்கீழ், தேசிய சுகாதார இயக்கத்தின் பணத்தில், 2021 நவம்பரில் 4,848 இடைநிலை சுகாதாரப் பணியாளர்களை நியமிக்கத் தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை அறிவிப்பு விடுத்தது. தகுதி டிப்ளமாவோ பட்டமோ பெற்ற செவிலியர், மாதம் 18,000 ரூபாய் தொகுப்பூதியம். அந்த வருஷம் ஆகஸ்டு 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு வீடாகச் சென்று சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண் தன்னார்வலர்களுக்கு மேல் நின்று, யாருக்கு மருந்து தொடரலாம், யாரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பகுத்தறியும் பொறுப்பின் பெரும்பகுதி இவர்கள் தலையில் விழுந்தது. 2024-ல் அதன் கிளையாகத் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ வந்து, தொழிற்சாலைகளுக்குள்ளேயே அந்தப் பரிசோதனை நுழைந்தது. கொலராடோவில் ஃபோர்ட் அம்மையார் எண்ணிய காரியத்துக்கும் இதற்கும் சாராம்சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் சம்பளத்திலும் உத்தியோக ஸ்திரத்திலும்தான்.

தொகுப்பூதியம் என்பது தமிழ்நாட்டுச் செவிலியர் உலகில் ஆறாத புண். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சை எழுதித் தேறியவர்கள், இரண்டு வருஷத்தில் நிரந்தரமாக்கப்படுவோம் என்ற நம்பிக்கையில் மாதம் 7,700 ரூபாய்க்கு வேலை ஏற்று, 2017 நவம்பரில் சென்னைத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் போய் உட்கார்ந்து போராட நேர்ந்தது. பின்னர் ஊதியம் படிப்படியாக உயர்ந்து 18,000-ஐ எட்டியபோதிலும், நிரந்தரம் என்பது காலியிடம் ஏற்படும்போது கிட்டும் கிருபையாகவே நீடித்தது. கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட செவிலியர் பலரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டது. இருபத்தைந்து வயதுப் பெண் இவ்விதக் காத்திருப்பைத் தாங்கலாம். நாற்பத்தைந்து வயதில் காத்திருக்கும் ஒவ்வொரு வருஷமும் ஓய்வூதியக் கணக்கிலிருந்து கழிகிறது என்பதால், அதே உத்தியோகம் இருவருக்கும் ஒரே உத்தியோகம் ஆகாது.

தனியார் ஆஸ்பத்திரிகளின் நிலையும் தெரிந்ததே. உச்ச நீதிமன்றத்தின் 2016 ஜனவரி உத்தரவை அடுத்து அமைந்த மத்தியக் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் செவிலிக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்டவை அரசு ஊதியத்துக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் சிபாரிசு செய்தது. கேரளம் போராட்டத்துக்குப் பின் 2018-ல் 20,000-ஐக் குறைந்தபட்சமாக்கி ஆணை பிறப்பித்தது. நம் பக்கத்தில் சிபாரிசு சிபாரிசாகவே நின்றது.

இனி நடுவயதின் கணக்குக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிதானித்தாக வேண்டும். இந்நாட்டின் விதிகள் ஒவ்வொன்றும் ஒரு வயதுக்கு முன்னால் கதவைச் சாத்துகின்றன. புதிதாக நர்ஸிங் படிக்கச் சேர்வதற்கு 35 வயது எல்லை. ஆகையால் தையல் மெஷினை விட்டு எழுந்து நாற்பதில் செவிலியாகலாம் என்று கனவு காணும் டெய்லரம்மாளுக்கு அக்கதவு ஏற்கனவே அடைபட்டுவிட்டது என்பதைத் தயவு தாட்சணியமின்றிச் சொல்லிவிடுவதே உபகாரம். முன்பே பதிவுபெற்ற செவிலிக்குத்தான் மேல்படிப்பு திறந்திருக்கிறது. அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேர 40 வயது எல்லை. பி.எஃப்.போடு இணைந்த ஓய்வூதியத்துக்கோ பத்து வருஷச் சேவை வேண்டும், அது 58 வயதோடு நின்றுவிடும். எனவே 48 வயதுக்குள் அக்கணக்கில் கால் வைக்காதவருக்கு மாதாந்திர ஓய்வூதியம் கிடையாது. முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தெட்டு என்ற இந்த மூன்று எண்களையும் மேல்படிப்பு விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்னால் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அந்த ஓய்வூதியமும் எவ்வளவு? கணக்கில் கொள்ளும் ஊதியத்தைச் சேவை வருஷங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். உச்சவரம்பான 15,000 ரூபாய் ஊதியத்தில் பன்னிரண்டு வருஷம் உழைத்தவருக்கு வருவது மாதம் 2,571 ரூபாய். இதைக் கொண்டு ஜீவனம் நடக்காது. ஆனாலும் சாகும்வரை வருவதும், கணவருக்குப் பகுதி தொடர்வதும் என்ற விசேஷத்தால் அதை அலட்சியம் செய்வதற்கும் இல்லை. 2014 செப்டம்பருக்குப் பின் முதன்முதலாக 15,000-க்கு மேற்பட்ட ஊதியத்தில் பி.எஃப்.பில் சேர்ந்தவருக்கு இவ்வோய்வூதியமே கிடையாது என்பது பலர் அறியாத விதி. திருப்பூரில் கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துப் பிள்ளையின் பீஸுக்கோ சீட்டுக்கடனுக்கோ கட்டிவிடும் வழக்கம் ஊறிப் போயிருக்கிறது. அப்படி எடுத்தால் பணம் மட்டும் போவதில்லை, பத்து வருஷக் கணக்கின் தொடர்ச்சியும் அறுகிறது. இடையில் சில வருஷம் வேலையை விட்டிருந்தாலும் பழைய யு.ஏ.என். எண்ணிலேயே கணக்கைத் தொடர்ந்தால் பழைய சேவையும் சேர்ந்துகொள்ளும். இந்த ஒரு காரியம் சில பெண்களுக்கு ஒரு முதுநிலைப் பட்டத்தைவிட அதிகப் பலன் தரக்கூடியது.

படிப்பின் விலையைச் சம்பளத்தின் பாஷையில் பார்க்கலாம். மாதம் 18,000 ரூபாய் வாங்கும் பட்டதாரிச் செவிலி வேலையை விட்டு இரண்டு வருஷம் படித்தால், கல்விக் கட்டணம் நீங்கலாக, இழப்பது 4,32,000 ரூபாய். படித்த பின் மாதம் 5,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறதென்று வைத்துக்கொண்டாலும் அதை மீட்க ஏழு வருஷத்துக்கு மேலாகும். நாற்பத்து மூன்றில் சேர்ந்தவர் ஐம்பத்திரண்டில்தான் பழைய இடத்துக்கு வருவார். டிப்ளமா மட்டும் படித்தவர் முதலில் இரண்டு வருஷம் போஸ்ட் பேசிக் பட்டம் முடித்தாக வேண்டுமாதலால் இழப்பும் காலமும் இரட்டிப்பாகும். வேலையில் இருந்துகொண்டே, ஊதியத்தோடு, தம் ஆஸ்பத்திரியின் பெயரால் படிக்க அனுமதி பெற்றவருக்கு மட்டுமே இக்கணக்கு வேறுவிதமாக முடியும். மேலும் இந்த நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கானது. வென்டிலேட்டருக்கும் மானிட்டருக்கும் நடுவே இரவு ஷிப்ட் பார்ப்பதற்கான தேர்ச்சி. பெரிய ஆஸ்பத்திரிகள் நிறைந்த கோயம்புத்தூரில் அதற்கு மதிப்பு உண்டு. பதவியின் பெயரும் சம்பள விகிதமும் அரசாணையில் எழுதப்படாத வரைக்கும் அப்படிப்பைச் சொந்தச் செலவில் படிப்பது, ஆர்டர் கைக்கு வராமலே துணியை வெட்டி அடுக்கி வைப்பதற்குச் சமானம்.

அப்படியானால் திருப்பூரில் என்ன இருக்கிறது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் ரூம் இருக்க வேண்டும் என்றும், அது விதிக்கப்பட்ட மருத்துவ, செவிலிப் பணியாளரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. வெளிநாட்டு பையர்களின் தணிக்கையாளர்கள் வரும்போது அந்த அறையின் பதிவேட்டையும் புரட்டுவார்கள் என்பதால், பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளில் அறையும் நர்ஸும் இருக்கவே செய்கிறார்கள். அந்நர்ஸின் முன் வந்து நிற்கும் வியாதிகளைப் பாருங்கள். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதத்தினர் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தெரிய வந்தது. அவர்களில் பலர் காலைச் சோற்றை அரைகுறையாக விழுங்கிவிட்டு ஒன்றரை ஷிப்டுக்கு வந்தவர்கள். ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் தூசி நுரையீரலைப் பற்றுகிறது. நாள் முழுவதும் குனிந்து ஓவர்லாக் ஓட்டியவருக்குக் கழுத்தும் இடுப்பும் பிடிக்கிறது. தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டுமே என்று குடிக்காமல் இருக்கும் பெண்ணுக்குச் சிறுநீர்த் தாரையில் எரிச்சல். டாக்டர் வாரத்தில் சில மணி நேரம் வருவார். மற்ற நேரமெல்லாம் முடிவு நர்ஸுடையது, அதிகாரம் மட்டும் அவருடையதன்று.

அதிகாரமும் அறிவும் இப்படிப் பிரிந்து கிடப்பதன் விபரீதம் 2019-ல் வெளிவந்தது. தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயர்ச்சீட்டே இல்லாத மாத்திரைகள் பெண்களுக்குக் கொடுக்கப்படுவதாக, சுமார் 100 தொழிலாளப் பெண்களை விசாரித்துத் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் எழுதிற்று; பல இடங்களில் அவற்றைக் கொடுத்தவர்கள் மருத்துவமே பயிலாத மேற்பார்வையாளர்கள். செவிலிக்கு மருந்து எழுதும் உரிமை தந்தால் ஆபத்து என்று வாதிப்போர், அந்த உரிமை எவருக்கும் இல்லாத வெற்றிடத்தில் சூப்பர்வைசரின் கை நுழைகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகவே நர்ஸ் பிராக்டிஷனர் என்ற தகுதிக்கு இந்தியாவில் இயற்கையான களம் ஒன்று உண்டென்றால் அது தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு முன்பாக ஆலையின் ஆம்புலன்ஸ் ரூம்தான் என்பது என் துணிபு.

அரசு தரப்பிலும் இடம் விரிந்திருக்கிறது. 2009-ல் மாவட்டமான திருப்பூருக்கு மருத்துவக் கல்லூரி கிடைத்தது, 2022 ஜனவரி 12-ல் பிரதமர் ஒரே நாளில் திறந்துவைத்த பதினொரு கல்லூரிகளில் ஒன்றாக. 100 படுக்கை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. இ.எஸ்.ஐ. விதியிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது: ஊதியத்தில் 0.75 சதவீதம் தொழிலாளியும் 3.25 சதவீதம் முதலாளியும் கட்டும் அத்திட்டத்தின் ஊதிய வரம்பு, 2017-லிருந்து 21,000 ரூபாய். தகுதியை உயர்த்திக்கொண்டு அவ்வரம்பைத் தாண்டும் செவிலி, தாம் நாள்தோறும் பிறரை அனுப்பும் அதே ஆஸ்பத்திரியில் தம் குடும்பத்துக்கு இருந்த சிகிச்சை உரிமையை இழக்கிறார். ஆயிரம் ரூபாய் உயர்வுக்காக அந்த உரிமையை விடும்போது, தனியார் மருத்துவக் காப்பீட்டின் பிரீமியத்தையும் அதற்கெதிரில் எழுதிப் பார்க்க வேண்டும்; ஐம்பதை நெருங்கும் தம்பதிக்கு அது சிறு தொகையாயிராது.

யாருக்கு எந்த வழி என்று கேட்டால் என் அபிப்பிராயம் இது. பட்டம் பெற்று, நாற்பதுக்குள்ளிருந்து, நிரந்தர உத்தியோகத்தில் ஊதியத்தோடு படிக்க அனுமதி கிடைப்பவர் தாராளமாக நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்குப் போகலாம். தொகுப்பூதியத்தில் இருப்பவர் முதலில் நிரந்தரத்துக்கான தேர்வையும் முன்னுரிமைப் பட்டியலையும் கவனிப்பதே விவேகம். அரசு ஊழியரின் ஓய்வு வயது 2021-ல் 60 ஆக உயர்ந்தபின், நாற்பதில் நிரந்தரமானால்கூட இருபது வருஷச் சேவை மிஞ்சுகிறது. ஆலையில் இருப்பவர், ஊதிய உயர்வைக் கேட்பதற்கு முன்னால் நியமன உத்தரவு, சரியான அடிப்படை ஊதியத்தின் மீது பி.எஃப்., பணிக்கொடை ஆகியவற்றைக் கேட்க வேண்டும். பத்து வருஷம் ஒரே கம்பெனியில் பேரேட்டில் இருந்த 18,000 ரூபாய் ஊதியக்காரருக்குப் பணிக்கொடையாக 1,03,846 ரூபாய் சட்டப்படி சேர வேண்டும். ஏஜென்ஸி மூலம் வருஷத்துக்கொரு பெயரில் வேலை பார்த்தவருக்கு அது எட்டாது. வாரச் சம்பளமும் தீபாவளி போனஸும் கண்ணுக்குத் தெரியும் காசு. இவை தெரியாத காசு. திருப்பூர் முதலாவதை மிக நேர்த்தியாகப் பட்டுவாடா செய்யும் ஊர்.

கடைசியாக 500 பேருக்குக் குறைந்த கம்பெனிகளின் சங்கதி. இவ்வூரின் ஜாப்-ஒர்க் பட்டறைகளில் பெரும்பான்மை அத்தகையவை. அவற்றுக்கு ஆம்புலன்ஸ் ரூம் கடமையில்லை. ஆனால் தனித்தனியே செய்ய முடியாததைக் கூட்டாகச் செய்யும் வித்தை இவ்வூருக்குப் புதிதன்று. நொய்யலை மாசுபடுத்திய வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பின், பட்டறைக்காரர்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பங்குதாரர்களாக நின்று கழிவுநீரின் அளவுக்கேற்பச் செலவைப் பகிர்ந்து, சொட்டு நீரும் வெளியேறாத முறைக்கு மாறினார்கள். அதே முறையில் இருபது முப்பது பட்டறைகள் ஆள் கணக்குக்கேற்பப் பங்கு செலுத்தி, அனுபவம் முதிர்ந்த செவிலி ஒருவரைத் தங்கள் பொதுச் சங்கத்தின் நிரந்தர ஊழியராக, ஒரே பி.எஃப். எண்ணின்கீழ் வைத்துக்கொள்ளலாம், மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு சொல்லும் உரிமம் அவருக்குக் கிடைக்குமாறு அரசை வற்புறுத்தலாம். 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகளின் மீது 50 சதவீத வரி விதித்தபோது ஆர்டர் குறைந்து தவித்த பட்டறைக்காரரிடம் இந்த யோசனையைக் கொண்டுபோனால், நர்ஸுக்கு இப்போது என்ன அவசரம் என்றுதான் அவர் முதலில் கேட்பார். லீவு போட்ட ஆட்களின் பட்டியலை எடுத்து, காரணப் பத்தியையும் சேர்த்துப் படித்துக் காட்டினால் இரண்டாவது கேள்வி செலவைப் பற்றியதாக இருக்கும்.